இந்தப் பசலிக்கு மட்டும்

வருவாய்த் துறைக்கு வருடம் ஜனவரியில் பிறப்பதில்லை, சித்திரையிலும் பிறப்பதில்லை. ஜூலை முதல் தேதி பிறந்து, அடுத்த ஜூன் முப்பதாம் தேதி சாயங்காலம் ஆபீஸ் பூட்டும்போது முடிகிறது. அதற்குப் பசலி என்று பெயர். நவாபு காலத்தில் அறுவடையைப் பார்த்து வசூலுக்காக வைத்த ஏற்பாடு. நவாபு போய்விட்டார், பசலி போகவில்லை. ஆரணி தாலுகா ஆபீசில் அந்தச் சொல்லை நான் ஆயிரக்கணக்கான காகிதங்களில் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு காகிதத்தில் எழுதியதுதான் என் பணிக்காலத்திலேயே நான் செய்த கெட்டிக்காரத்தனமான காரியம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் அப்போது சட்டம் ஒழுங்கு பிரிவில் உதவியாளர். கண்ணமங்கலத்தில் வீடு, காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்புகிறவன். ஊரின் ஓர் ஓரத்தில் பட்டு நெய்கிறவர்களின் தெரு ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். அதற்குப் பின்னால் ஒரு காலனி. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் அரிசி ஆலைகளில் நெல் அவிக்கவும் காயவைக்கவும் போகிறவர்கள். காலனியிலிருந்து ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போக அந்தத் தெரு ஒன்றுதான் நேர்வழி. தெருவைத் தாண்டினால் ஆறு. இன்னொரு வழியும் உண்டு. ஆலைகளின் பின்புறமாகப் போய், ஏரிக்கரையைச் சுற்றி, ஆற்று மணலில் இறங்கி நடக்க வேண்டும். மூன்று கிலோமீட்டருக்குக் குறையாது.

நெசவுத் தெருவில் விடிந்ததும் பாவு நீட்டுவார்கள். பட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்ததை முடிந்து, ஒட்டியதைப் பிரித்துச் சீர் செய்வார்கள். இடுப்பு உயரத்தில் ஆயிரக்கணக்கான இழைகள் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். சைக்கிளைக் கூடத் தூக்கிக்கொண்டுதான் ஓரமாகப் போக முடியும். நடுவே ஒரு மாடு புகுந்தால் மூன்று சேலைக்கான பட்டு குப்பை. அதனால் அந்தத் தெருக்காரர்களின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பாவு இல்லாத நாளிலும் அவர்களுக்கு ஆட்சேபம் இருந்தது. அதற்கான காரணம் எந்தக் கோப்பிலும் எழுதப்படவில்லை.

ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் காலனியிலிருந்து ஒரு சவ ஊர்வலம் மேளத்தோடு தெருவுக்குள் வந்தது. பாவு அறுந்தது. ஆட்டத்தில் கால் தடுக்கி அறுந்தது என்று ஒரு தரப்பு; கத்தியால் அறுத்தார்கள் என்று மறு தரப்பு. கல் பறந்தது. சிலருக்கு மண்டை உடைந்தது. அடுத்த நாள் எங்கள் ஆபீசில் அமைதிக் கூட்டம்.

அமைதிக் கூட்டம் என்பது ஒரு நடைமுறை. நடுவில் தாசில்தார், பக்கத்தில் சப் இன்ஸ்பெக்டர், இரண்டு பெஞ்சுகளில் இரண்டு தரப்பு, எல்லோருக்கும் டீ. கடைசியில் ஓர் ஒப்பந்தம், அதில் கையெழுத்துகள். சாதிப் பெயரை அதில் எழுத மாட்டோம். முதல் தரப்பு, இரண்டாம் தரப்பு என்றுதான் எழுதுவோம். எது முதல், எது இரண்டு என்பதில் மட்டும் எங்களுக்கு ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை.

அன்று இழுத்துப் பறித்து இவ்வளவு தூரம் வந்தார்கள்: சாவு விழுந்தால் காலை எட்டு மணிக்குள் தெருவுக்குச் சொல்லிவிட வேண்டும், தெருவில் பாவைச் சுற்றி எடுத்துவிடுவார்கள், பன்னிரண்டு மணிக்கு மேல் இரண்டு மணிக்குள் பிணத்தை எடுத்துக்கொண்டு போகலாம், தெரு முடியும் வரை மேளம் கூடாது, பூ இறைக்கக் கூடாது. இதை என்றென்றைக்கும் என்று எழுத முதல் தரப்பு ஒப்பவில்லை. எழுதாமல் எழுந்திருக்க இரண்டாம் தரப்பு ஒப்பவில்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. டீ இரண்டாம் முறை வந்தது. நான்தான் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு வரி எழுதி நீட்டினேன். “இந்த ஏற்பாடு இந்தப் பசலிக்கு மட்டும். இதனை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது.”

ஐந்து நிமிடத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தாசில்தார் என் தோளைத் தட்டினார். “பலே ஆளுய்யா நீ. ரெண்டு பேரும் ஜெயிச்சா மாதிரி எழுதிட்டியே” என்றார்.

இரண்டாம் தரப்புக்காக முதலில் கையெழுத்துப் போட்டவர் ஆலையில் நெல் அவிக்கிறவர். அப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பார். முதியோர் பள்ளியில் கற்ற கையெழுத்து. ஒவ்வோர் எழுத்தும் முன்னால் உள்ளதன்மேல் சாய்ந்துகொண்டு நிற்கும். ஜூன் முப்பதோடு ஒப்பந்தம் காலாவதி. ஜூலை நடுவில் மறுபடியும் கூட்டம், மறுபடியும் டீ, மறுபடியும் அந்தச் சாய்ந்த கையெழுத்து. நான் போன வருடத்துக் காகிதத்தைப் பார்த்துப் பசலி எண்ணை மட்டும் மாற்றி எழுதுவேன். கோப்பு முடிந்தது. “சுமுகமாகத் தீர்க்கப்பட்டது” என்று மேலே ஒரு குறிப்பு.

இப்படி எட்டு வருடம் போனது. அதன் பிறகுதான் ஆராய்ச்சி வந்தது.

கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு கடிதம். ஏழை நாடுகளில் உள்ளூர் நிர்வாகம் எப்படித் தகராறுகளைத் தீர்க்கிறது, அதனால் சமூகம் எப்படி முன்னேறுகிறது என்று ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஆராய்கிறது. மூன்று கண்டங்களில் சில ஊர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவற்றில் ஆரணி ஒன்று. முழு ஒத்துழைப்பு தரவும். தாசில்தார் அந்த முதல் வரியை இரண்டு தடவை படித்தார்.

“ஏழை நாடுன்னு நம்மளையா சொல்றாங்க?”

“கவர் மேல நம்ம விலாசம்தான் சார் இருக்குது” என்றேன்.

வந்தவர் ஒரு பேராசிரியர். கதவுக்குக் குனிந்து வருகிற உயரம். கூட ஒரு பெண், சென்னையிலிருந்து, மொழிபெயர்க்கவும் குறிப்பெடுக்கவும். பேராசிரியர் நல்ல மனிதர். எங்கள் ஆபீஸ் டீயை முகம் சுளிக்காமல் குடித்தார். ஆபீசில் யாரும் திறக்காத அலமாரியைத் திறந்து, தூசி தட்டி, கோப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நான் எழுதியதை அவ்வளவு மரியாதையாக அதற்கு முன் யாரும் படித்ததில்லை. அந்த மரியாதையில் எனக்குக் கொஞ்சம் தலை கிறுகிறுத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவர்களிடம் ஒரு படிவம் இருந்தது. ஒரு கோப்புக்கு ஒரு தாள். தகராறு என்ன, வன்முறை நடந்ததா, ஒப்பந்தம் ஏற்பட்டதா, அது மீறப்பட்டதா. இரண்டாவது வாரம் அந்தப் பெண் நிரப்பிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தேன். அந்தத் தெருவுக்கு எட்டுத் தாள்கள். எட்டிலும் ஒப்பந்தம் ஏற்பட்டது, எட்டிலும் மீறப்படவில்லை.

“ஏம்மா, இது எட்டு தகராறு இல்ல. ஒரே தகராறு” என்றேன்.

“எட்டு அக்ரிமெண்ட் இருக்கே சார்.”

“இருக்குது.”

“ஒண்ணாவது மீறியிருக்காங்களா?”

“இல்ல.”

“அப்ப எட்டுதான் சார். எங்க முறைப்படி ஒரு அக்ரிமெண்ட்னா ஒரு கேஸ்.”

முறைப்படி என்று சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லைச் சொல்லி மற்றவர்கள் வாயை அடைத்தே பிழைத்தவன் நான். அதையே இப்போது என்னிடம் சொன்னாள். வெற்றிலை போட எழுந்து போனேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்க்க வேண்டும் என்றார் பேராசிரியர். நெசவுத் தெருவில் நெசவாளர் சங்கச் செயலாளரைப் பார்த்துவிட்டு, காலனிக்கு நான்தான் அழைத்துப் போனேன். நெல் அவிக்கிறவர் அப்போது வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். ஆலையின் உமித் தூசி நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. கட்டிலில் சாய்ந்துகொண்டு பேசினார். பக்கத்தில் அவருடைய மகள் நின்றாள். அவளும் ஆலை வேலைக்குப் போகிறவள்தான். பெண்களுக்கு இட ஒதுக்கீடு வந்தபோது அந்த வார்டுக்கு நின்று ஜெயித்து நகராட்சி உறுப்பினர் ஆகியிருந்தாள். நகராட்சிக் கூட்டத்தில் கேள்வி கேட்கிறாள் என்று ஊரில் குறையாகச் சொல்வார்கள்.

இத்தனை வருடமாக ஒப்பந்தத்தை எப்படி மீறாமல் காப்பாற்றுகிறீர்கள் என்று பேராசிரியர் கேட்டார். சென்னைப் பெண் அதைத் தமிழில் சொன்னாள்.

“இன்னாத்த காப்பாத்தறது” என்றார் அவர். “ஜூலை மாசம் வந்தா ஆபீசுல இருந்து ஆள் வரும். சட்டைய மாட்டிகினு போவேன். சார் எயுதி வெச்சிருப்பாரு. போடுவேன். டீ குடுப்பாங்க.”

“அதில் என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?” என்று கேட்டாள் சென்னைப் பெண்.

“தெரியாம? பன்னெண்டுக்கு மேல, ரெண்டுக்குள்ள. நாங்களும் அந்த நேரத்துக்குத் தக்கனதான் சாவறோம்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. பேராசிரியரும் சிரித்தார், குறித்துக்கொண்டார்.

மகள் சென்னைப் பெண்ணைப் பார்த்தாள். “மேடம், அவர ஒண்ணு கேளுங்க. அவங்க ஊர்ல பொணத்த எடுத்துகினு போறதுக்கு வருஷா வருஷம் கையெயுத்து போடணுமா?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் வாசலில் காய்ந்துகொண்டிருந்த துணியைப் பார்த்தேன். அவள் மொழிபெயர்த்தாள். பேராசிரியர், இல்லை, தேவையில்லை என்றார். ஆனால் அங்கே அதிகாரிகளும் மக்களும் இப்படி ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பதும் இல்லை என்றார்.

“அப்ப ஊர மாத்திக்கலாமான்னு கேளுங்க” என்றாள் மகள்.

அதை அந்தப் பெண் மொழிபெயர்க்கவில்லை. வெயில் ஏறிவிட்டது, புறப்படலாம் என்று நான் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து மகள் ஆபீசுக்கு வந்தாள். மேசைமேல் ஒரு ஜெராக்ஸ் தாளை வைத்தாள். நகராட்சிச் சாலைப் பதிவேட்டின் நகல். உறுப்பினர் என்ற முறையில் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

“இது இன்னா சார்?”

நெசவுத் தெரு நகராட்சிச் சாலை என்று அதில் இருந்தது. பொதுச் சாலை. நீளம், அகலம், தொடக்கம், முடிவு எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு அது புதிதில்லை. முதல் கூட்டத்தன்றே தெரியும். பொதுச் சாலையில் பிணம் போக யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. ஒப்பந்தம் என்று ஒன்றை எழுதியதால்தான் ஒப்புதல் தேவை என்றே ஆயிற்று.

“முனிசிபாலிட்டி ரோட்டுல நடக்கறதுக்கு நாங்க எதுக்கு சார் வருஷா வருஷம் கையெயுத்து போடணும்?”

“சட்டம் வேற, அமைதி வேறம்மா” என்றேன். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

“அப்பாவுக்கு இனிமே ரொம்ப நாள் இல்ல சார். ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. காலனியில யார் செத்தாலும் அவரு போட்ட கையெயுத்துலதான் தூக்கிகினு போனாங்க. அவரு போறப்ப யாரையும் கேக்காம, யாரு கிட்டயும் மணி பாக்காம, நேரா தூக்கிகினு போவணும். இந்த ரோட்டுல போவலாம், ஒப்பந்தம் தேவ இல்லன்னு ஒரு ஆர்டர் குடுங்க. அவ்ளோதான்.”

கோட்டாட்சியருக்கு மனு எழுதச் சொன்னேன். எப்படி எழுத வேண்டும், எதை இணைக்க வேண்டும், எத்தனை பிரதி என்றெல்லாம் சொன்னேன். அவள் குறித்துக்கொண்டாள். அந்த மனு கோட்டாட்சியர் ஆபீசுக்குப் போய், அறிக்கைக்காகத் தாசில்தாருக்குத் திரும்பி, என் மேசைக்குத்தான் வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மனு வருவதற்கு முன் ஆராய்ச்சி அறிக்கையின் வரைவு வந்தது. கனமான காகிதம். ஆரணிக்கு ஓர் அத்தியாயமே இருந்தது. வன்முறை திரும்பாமல் எட்டுத் தகராறுகளைத் தீர்த்த அலுவலகம் என்று எங்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். காலமுடிவு வைத்த ஒப்பந்தம் இரு தரப்பையும் ஆண்டுதோறும் பேச வைக்கிறது, அந்தப் பேச்சில் நம்பிக்கை வளர்கிறது, பிற ஏழை நாடுகளும் இதைப் பின்பற்றலாம் என்று ஒரு பத்தி. இரண்டாம் தரப்பின் முதியவர் தம் சாவைப் பற்றியே நகைச்சுவையாகப் பேசும் அளவுக்கு ஒப்பந்தத்தோடு இயல்பாகிவிட்டார் என்று இன்னொரு பத்தி. தவறுகள் இருந்தால் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கவும் என்று இணைப்புக் கடிதம் சொன்னது.

நான் ஒன்றரைப் பக்கம் தட்டச்சு செய்தேன். எட்டு அல்ல, ஒன்று. அதுவும் தீரவில்லை, வருடத்துக்கொரு முறை ஒத்திவைக்கப்படுகிறது. என் பணிக்காலத்தில் நான் எழுதிய தெளிவான காகிதம் அதுதான். கையெழுத்துக்காக உள்ளே கொண்டுபோனேன். தாசில்தார் மாறியிருந்தார். புதியவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“சார், நல்ல பேர் வருது. கலெக்டரே மீட்டிங்ல சொன்னாரு. அதுல எதுக்கு நாமளே மண்ண போட்டுக்கணும்?”

நான் என் சொந்தப் பெயரில் ஒரு கடிதம் போட்டிருக்கலாம். பேராசிரியர் விலாசம் கொடுத்திருந்தார். தபால் நிலையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. அரசு ஊழியர் நடத்தை விதிகளில் அதற்கு முன் அனுமதி வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்த விதி, எந்தப் பிரிவு என்றுகூட நினைவிருந்தது. கோப்புகளில் பல வகை உண்டு: என்றென்றும் வைத்திருக்க வேண்டியது, பத்து வருடம் வைத்திருக்க வேண்டியது, ஒரு வருடத்தில் அழித்துவிடலாம் என்பது. ஒன்றரைப் பக்கத்தை நான் கடைசி வகையில் சேர்த்தேன்.

பிறகு மகளின் மனு என் மேசைக்கு வந்தது. நான்தான் அறிக்கை எழுதினேன். “மேற்படி ஏற்பாடு ஆண்டுதோறும் இரு தரப்பினராலும் மனமுவந்து ஏற்கப்பட்டு வருவதாலும், பன்னாட்டு ஆய்வொன்று இதனை முன்மாதிரி எனக் குறிப்பிட்டுள்ளதாலும், புதிய உத்தரவு எதுவும் நிலவும் அமைதிக்குக் குந்தகம் விளைவிக்கக்கூடும் என்பதாலும், மனுதாரரின் கோரிக்கையை ஏற்க இயலாது என்பது பணிந்து தெரிவிக்கப்படுகிறது.” கோட்டாட்சியர் அதில் ஒரு காற்புள்ளியைக் கூட மாற்றவில்லை.

பதில் கிடைத்த மறுநாள் அவள் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“‘மனமுவந்து’ன்னு எயுதினது யாரு சார்?”

“அது ஆபீஸ் எழுதறதும்மா.”

“ஆபீசுக்குக் கை இருக்குதா?”

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டு, உடனே பேரேட்டைப் புரட்டினார். நான் மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது, முப்பது நாள் அவகாசம் என்றேன். “உங்க கிட்ட எல்லாத்துக்கும் வழி இருக்குது சார். நடக்கறதுக்குத்தான் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்து உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது அவள் மறுபடி நிற்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது என்றார்கள்.

அவர் எல்லோரும் நினைத்ததைவிட ஒன்றிரண்டு வருடம் கூடுதலாகவே இருந்தார். கடைசி ஜூலையில் என் ஆள் ஒப்பந்தத்தை அவருடைய கட்டிலுக்கே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வந்தான். சாய்ந்து நிற்கும் எழுத்துகள் அப்போது படுத்துவிட்டிருந்தன.

அதற்கடுத்த ஜூலையில், பசலி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும், அவர் இறந்தார். அன்று அமாவாசை.

நான் அப்போது துணைத் தாசில்தார். தாசில்தார் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஒன்பதரை மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து போன். ஜீப்பில் போய் இறங்கினேன். அமாவாசையன்று அந்தத் தெருவில் தறி ஓட்ட மாட்டார்கள், பாவும் நீட்ட மாட்டார்கள். தலை முழுகிய பெண்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். வாசல்களில் கோலமில்லை. தெரு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெறுமையாகக் கிடந்தது. கடைசியில் ஆற்றங்கரை மரங்கள் தெரிந்தன. அந்தத் தெருவை அப்படி முழுசாக நான் பார்த்ததே அன்றுதான்.

தெரு முனையில் பாடை இறக்கி வைக்கப்பட்டிருந்தது. காலனிக்காரர்கள் ஒரு நாற்பது பேர். மேளக்காரர்கள் மேளத்தைத் தரையில் வைத்திருந்தார்கள். நடுவில் சப் இன்ஸ்பெக்டர், கையில் பிளாஸ்டிக் உறைக்குள் போன வருடத்து ஒப்பந்தம்.

“சார், ஜூன் முப்பதோட முடிஞ்சிருச்சு. புதுசு இன்னும் போடல. நான் எத வெச்சு விடறது?” என்று உறையை நீட்டினார். “இந்தப் பசலிக்கு மட்டும்னு நீங்கதான் சார் எழுதியிருக்கீங்க.”

ஒரு வாசற்படியில் உட்கார்ந்திருந்த இளம் நெசவாளி ஒருவர் குரல் கொடுத்தார். “இன்னிக்கி அமாவாசை. தெருவுல ஒரு இழை கிடையாது. போவட்டும் வுடுங்க சார். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?”

“நீ சும்மா இரு” என்றார் சங்கச் செயலாளர். என் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். “சார், எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. நல்ல மனுசன் அவரு. கூட்டம் போட்டு ஒரு கையெழுத்து ஆயிட்டா நாங்களே கூட நின்னு அனுப்பி வெக்கறோம். ஆனா எழுத்து இல்லாம இன்னிக்கி வுட்டா அதுவே நாளைக்கி வழக்கமாயிடும். முன்னுதாரணம் ஆவக்கூடாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே.”

எல்லோரும் என் வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். ஒருவரும் ஒரு சொல்லைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்தது இது: அது பொதுச் சாலை. ஒப்பந்தம் காலாவதியானால் அதோடு கட்டுப்பாடும் காலாவதி. அன்று, அந்தப் பத்து நாளில், அந்தத் தெருவில் யாரும் எந்த நேரத்திலும் எதையும் தூக்கிக்கொண்டு போகலாம். தடுப்பதற்கு ஒரு விதியும் இல்லை. “போங்க” என்று ஒரு சொல் சொன்னால் போதும். சப் இன்ஸ்பெக்டர் விலகியிருப்பார், செயலாளரும் முணுமுணுத்துக்கொண்டு ஒதுங்கியிருப்பார். ஒரே ஒரு கல் விழுந்திருந்தால்? யாருடைய உத்தரவின் பேரில் அனுமதித்தீர்கள் என்று கேட்டு ஒரு குறிப்பாணை வரும். ஓய்வுக்கு எனக்கு மூன்று வருடம் இருந்தது.

மகள் பாடையின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் போனேன்.

“ரெண்டு மணி நேரம் குடும்மா. ஆபீசுக்குக் கூட வர வேணாம். இங்கயே கூட்டம் போட்டுடறேன். ஜல்தியா முடிச்சு பன்னெண்டு மணிக்கெல்லாம் எடுத்துடலாம்.”

“யாரு கையெயுத்து போடறது?”

“நீயே போடேன்.”

“வருஷா வருஷம் போட்டவரு இதோ படுத்துகினு இருக்காரு” என்றாள். “கேட்டுப் பாருங்க சார். போடுவாரு. உங்க பேச்சத் தட்டினதே இல்ல.”

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை, பழக்கம். அவள் அதைக் கவனித்தாள். தூக்குகிறவர்கள் பக்கம் திரும்பினாள்.

“திருப்புங்க.”

“ஏரிக்கர வழியா? ரொம்ப தூரம்மா. வெயிலு வேற” என்றார் அவர்களில் ஒருவர்.

“தூரமா இருந்தா இன்னா? அங்க யாரையும் கேக்க வேணாம்ல.”

பாடையைத் தூக்கித் திருப்பினார்கள். தெரு முனையை விட்டுப் பத்தடி போனதும் மேளம் தொடங்கிற்று. அந்த வழிக்கு ஒப்பந்தம் கிடையாது. எனவே மேளத்துக்குத் தடையும் கிடையாது. பூவை அள்ளி அள்ளி இறைத்துக்கொண்டு போனார்கள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த இளம் நெசவாளி எழுந்து, செருப்பைக் கழற்றிப் படியிலேயே விட்டுவிட்டு, அவர்கள் பின்னால் நடந்தார். செயலாளர் அவரைப் பெயர் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை.

நான் ஜீப்பில் ஏறி ஆபீசுக்கு வந்தேன். “நிகழ்விடம் நேரில் பார்வையிடப்பட்டது. அசம்பாவிதம் ஏதுமில்லை” என்று எழுதி, நேரத்தையும் குறித்தேன்.

அந்த ஜூலையில் கூட்டத்துக்கு ஆள் அனுப்பினேன். காலனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. அடுத்த வாரம் எழுத்து மூலமாக அழைப்பு அனுப்பினேன். வாங்கிக்கொண்டார்கள், வரவில்லை. அந்தப் பசலியில் ஒப்பந்தம் இல்லை. அதற்கடுத்த பசலியிலும் இல்லை. காலனியில் யார் செத்தாலும் ஆலைகளின் பின்புறமாக, ஏரிக்கரையைச் சுற்றி, மணலில் இறங்கித்தான் எடுத்துப் போனார்கள். ஓர் ஐப்பசியில் ஆற்றில் இடுப்பளவு தண்ணீர் ஓடியபோது பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்ததாகக் கேள்விப்பட்டேன். யாரும் எங்களிடம் மனு கொடுக்கவில்லை. நெசவுத் தெருவில் காலை முழுவதும் பாவு நீண்டு கிடந்தது. அதற்கு எந்த இடைஞ்சலும் வரவில்லை.

நான் ஓய்வு பெறும் வருடத்தில் பேராசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆய்வின் தொடர்ச்சியாக, அமைதி நிலைத்திருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். என் உடல்நலத்தை விசாரித்திருந்தார். கட்டிலில் சாய்ந்து பேசிய முதியவர் நலமா என்றும் கேட்டிருந்தார். கூடவே ஒரு படிவம், ஒரே பக்கம். கடைசிக் கேள்வி: சென்ற மூன்று ஆண்டுகளில் மேற்படி தெருவில் சவ ஊர்வலம் தொடர்பாகத் தகராறு ஏதேனும் நிகழ்ந்ததா? எதிரே இரண்டு கட்டங்கள். விளக்கம் எழுத இடம் விடவில்லை.

இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டேன். அது பொய்யில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, ஆபீஸ் முத்திரை வைத்து, அன்றைய தபாலிலேயே அனுப்பச் சொன்னேன். முதியவரைப் பற்றிய கேள்விக்குத் தனியாக எழுதலாம் என்று கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்ணமங்கலம் வரும் வரைக்கும் முதல் வரி அமையவில்லை.